பரணிலிருந்து இறங்கும் விமானமும் பழைய சார்ஜரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரேடியோ கன்ட்ரோல் மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்து, வேலை, குடும்பம் என்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் விலகிப்போனவர்கள் பலர் இப்போது திரும்பி வருகிறார்கள். பரணில் கிடந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டுகிறார்கள். அவர்களுக்கு உதவும்படி தமிழில் விவரமாக எழுதப்பட்டது மிகக் குறைவு என்பதால் இந்தக் கடிதம். சற்று நீளம்தான். வெட்டாமல் வெளியிட்டால் சிலருடைய விமானம் தப்பும், சிலருடைய வீடும் தப்பும்.

வீடு என்று சொன்னது மிகையில்லை. இந்தப் பொழுதுபோக்கில் கைப்பழக்கம் போய்விட்டதே என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அது நாலு வாரத்தில் திரும்பிவிடும். பழைய கருவிக்குச் சரியாக இருந்த வழக்கத்தைப் புதிய கருவியிடம் யோசிக்காமல் செய்வதுதான் ஆபத்து. அதில் முதல் இடம் பேட்டரி சார்ஜ் செய்வதற்கு.

அன்றைய நிக்கல் காட்மியம் சார்ஜர்களில் நல்லவை, பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜ் லேசாகச் சரிவதைக் கவனித்து நின்றுகொள்ளும். இன்று எல்லோரும் பயன்படுத்தும் லித்தியம் பாலிமர், அதாவது லிப்போ பேட்டரியில் அந்தச் சரிவு வராது. சார்ஜர் அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும், கரண்ட் ஏறிக்கொண்டே இருக்கும், செல் உப்பும், பிறகு தீப்பிடிக்கும். மலிவான பழைய சார்ஜர்களுக்கோ நிற்கவே தெரியாது. இரவு செருகிவிட்டுத் தூங்கப்போய்க் காலையில் கழற்றுவதுதான் அப்போதைய வழக்கம். லிப்போவிடம் அது செல்லாது. பழைய சார்ஜரின் வயரை நறுக்கிப் போட்டுவிடுங்கள். வைத்திருந்தால் என்றாவது ஒருநாள் அவசரத்தில் கை அதற்குத்தான் போகும்.

லிப்போவின் கணக்கு இது. ஒரு செல்லின் சராசரி வோல்டேஜ் 3.7. முழுதாக நிறைந்தால் 4.2, அதற்கு மேல் ஒரு புள்ளிகூட ஏறக்கூடாது. 3.0-க்குக் கீழே இறங்கினால் செல் கெட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பறந்து இறங்கிச் சற்று ஆறியபின் 3.7 அளவில் நிற்பது நல்லது. மூன்று செல் அடுக்கு 11.1 வோல்ட், நிறைந்தால் 12.6. சார்ஜ் கரண்ட் பேட்டரியின் கொள்ளளவுக்குச் சமமாக இருக்கட்டும்: 2200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 2.2 ஆம்பியர். மெல்லிய வெள்ளைச் செருகி ஒன்று தனியாகத் தொங்குகிறதே, அதையும் சார்ஜரில் செருக வேண்டும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து ஒரே அளவுக்குக் கொண்டுவருவது அதன் வழியாகத்தான். சார்ஜர் முடிந்தது என்று சொன்னபின் 4.20, 4.20, 4.05 என்று காட்டினால், அந்த மூன்றாவது செல் போகப்போகிறது என்று பொருள். அதை வானத்துக்கு அனுப்ப வேண்டாம்.

சார்ஜ் செய்யும் இடம் சிமென்ட் தரையோ கல் மேடையோ ஆக இருக்கட்டும்; திரைச்சீலை, மெத்தை, காகிதம் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஆள் கூடவே இருக்க வேண்டும். பறந்து இறங்கிச் சுடச்சுட இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடக்கூடாது. விழுந்து நொறுங்கிய விமானத்திலிருந்து எடுத்த பேட்டரியை வெட்டவெளியில் ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். அடிபட்ட செல் உடனே காட்டிக்கொடுக்காமல் பிறகு புகையலாம். ஒரு வாரத்துக்கு மேல் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வையுங்கள். எல்லா நல்ல சார்ஜரிலும் அதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. முழுதாக நிறைத்துப் பல மாதம் வைத்தால் உப்பிவிடும். விலகிப்போனபோதே லிப்போ வைத்திருந்தவர்கள் அதை இன்று எடுத்து உயிர்ப்பிக்கப் பார்க்க வேண்டாம். சிறு பல்பு ஒன்றை இணைத்து மெல்ல முழுதாக வடித்துவிட்டு, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பழைய நிக்கல் காட்மியம் அடுக்கு இன்னும் 4.8 வோல்ட் காட்டுகிறது என்று யாரும் மகிழ வேண்டாம். அதன் கறுப்பு வயரில் ஓர் அங்குலம் உறையைச் சீவிப் பாருங்கள். பளபளவென்று செம்பு தெரிய வேண்டிய இடத்தில் கரி பூசியதுபோல் இழைகள் கறுத்திருக்கும். ஈயம் வைத்து ஒட்டப் பார்த்தால் ஈயம் பிடிக்காமல் உருண்டு விழும். செல்லிலிருந்து கிளம்பும் அரிப்பு எதிர்முனை வயர் வழியாகவே நகர்ந்து சுவிட்ச் வரைக்கும் போயிருக்கும். மீட்டர் வைத்தால் வோல்டேஜ் சரியாக இருக்கும். கன்ட்ரோல் பலகைகளை ஆட்டும் சிறு மோட்டார்களான சர்வோக்கள் நாலும் ஒரே நேரத்தில் இழுக்கும்போதுதான் சரியும். அது தரையில் நடக்காது, வளைவின் நடுவில் நடக்கும். பேட்டரி, சுவிட்ச், நீட்டிப்பு வயர் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்தது ரேடியோ. 35, 72 மெகாஹெர்ட்ஸ், சேனலைத் தீர்மானிக்கும் படிகத்தை மாற்றுவது, சேனல் எண் எழுதிய கிளிப்பைப் பலகையில் மாட்டிவிட்டு வருவது, இதெல்லாம் போய் 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்துவிட்டது. கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரையும் விமானத்தில் இருக்கும் ரிசீவரையும் ஒருமுறை பைண்ட் செய்து, அதாவது ஜோடி சேர்த்துவிட்டால் ஒன்று மற்றொன்றின் பேச்சை மட்டும்தான் கேட்கும். பழைய செட் வேலை செய்யலாம். ஆனால் மைதானத்தில் அந்தச் சேனல் காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமே இன்று இல்லை என்பதால் அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்வது நல்லது.

புதிய ரிசீவரின் ஆன்டெனாவைப் பார்த்து ஏமாறுவது எளிது. முன்பு ஒரு மீட்டர் வயரை வால் வரை இழுத்துக் கட்டினோம். இப்போது வேலை செய்யும் பகுதி நுனியில் உறை நீக்கிய 31 மில்லிமீட்டர் மட்டும்தான். அதை வெட்டக்கூடாது, மடிக்கக்கூடாது, நேராக இருக்க வேண்டும். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டுங்கள். விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றாவது சிக்னலைப் பிடிக்கும். கார்பன் குழாய், பேட்டரி, மோட்டார் வயர் இவற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும். கார்பன் ஃபைபர் இந்த அலையை மறைக்கும்.

பழைய சர்வோக்களைத் தூக்கிப்போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஸ்டிக்கை மிக மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்த்திப் பாருங்கள். நடுவில் துடித்தால் உள்ளே நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது. மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டருக்கு அந்த சர்வோ ஆகாது. சில பழைய தயாரிப்புகளில் செருகியின் வயர் வரிசையே வேறு. இன்றைய வழக்கப்படி நடுவில் சிவப்பு வர வேண்டும். வராவிட்டால் செருகும் முன் ஊசி முனையால் செருகியின் நாக்கை நெம்பி வரிசையை மாற்றுங்கள். பெரும்பாலான பழைய சர்வோக்கள் 4.8 முதல் 6 வோல்ட் வரைக்கும் செய்யப்பட்டவை. இரண்டு செல் லிப்போவை நேராகக் கொடுத்தால் 8.4 வோல்ட்டில் எரிந்துபோகும்.

இனி விமானத்தின் உடல். பால்சா மரம் தானாகக் கெடுவதில்லை. அதைச் சுற்றியிருப்பவை கெடும். ஒவ்வொரு கீலையும் விரலால் பிடித்து நன்றாக இழுங்கள். பயந்து பயந்து இழுக்காதீர்கள். உங்கள் கையில் கழன்றால் லாபம், வானில் கழன்றால் நஷ்டம். சர்வோ கம்பியைக் கன்ட்ரோல் பலகையோடு இணைக்கும் நைலான் கிளெவிஸ்கள் காய்ந்து நொறுங்கும் பதத்தில் இருக்கும், எல்லாவற்றையும் மாற்றுங்கள், செலவு சொற்பம். இறக்கையைக் கட்டும் ரப்பர் பேண்டுகளை இழுத்துப் பார்த்து வெடிப்பு தேடும் வேலையே வேண்டாம், புதிதாக வாங்குங்கள், 6.5 சி.சி. என்ஜின் அளவுப் பயிற்சி விமானத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வேண்டும், கடைசி இரண்டு குறுக்கே போகட்டும். மேலே ஒட்டிய ஃபிலிம் தொய்ந்திருந்தால் முதலில் ஓரங்களை இஸ்திரியால் அழுத்தி ஒட்டவைத்துவிட்டு, பிறகுதான் நடுவில் சூடு காட்டிச் சுருக்க வேண்டும். வரிசை மாறினால் சுருங்கும் ஃபிலிம் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

இறக்கையைச் சமதளமான மேசையில் வைத்து நாலு மூலையும் படிகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் சாய்ந்திருந்த இறக்கை முறுக்கிக்கொண்டிருக்கும். ஒருவர் எதிர்த்திசையில் முறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் மேலும் கீழும் சூடு காட்டி, ஆறும் வரை அப்படியே பிடித்திருந்தால் நேராகிவிடும். மெத்தனால் எரிபொருளில் ஓடும் கிளோ என்ஜின் இருந்த விமானமாக இருந்தால் என்ஜின் பலகைக்குப் பின்னால் விரலால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் ஊறிய பால்சா கறுத்து, ஈரச் சாக்குபோல் மெத்தென்று இருக்கும். அங்கே எந்தப் பசையும் ஒட்டாது. ஊறல் மேலோட்டமாக இருந்தால் ஆல்கஹாலில் துடைத்து, சோள மாவைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, ஊதி எடுத்து, மறுபடி தூவலாம். மெத்தென்று இருந்தால் அறுத்தெடுத்துப் புது மரம் வைப்பதுதான் வழி. என்ஜின் பலகைக்கு ஐந்து நிமிட எபாக்சி போதாது, 30 நிமிட எபாக்சி போட்டு ஓர் இரவு விடுங்கள்.

என்ஜின் இறுகிப்போயிருந்தால் அது பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெய் பிசின்போல் உறைந்ததுதான். புரொப்பெல்லரைப் பிடித்துப் பலவந்தமாகத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும். முதலில் சூடு காட்டி, மெல்லிய எண்ணெய் விட்டு, பொறுமையாக அசையுங்கள். சுழலும்போது கரகரவென்று உணர்ந்தால் பேரிங் துருப்பிடித்துவிட்டது. மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், அதுதான் காரணம். அதே காரணத்தால் திறந்து வைத்த பழைய எரிபொருளும் ஆகாது.

அந்த விமானத்தையே மின்சாரத்துக்கு மாற்ற விரும்புபவர்கள் அதிகம். நல்ல முடிவுதான், ஆனால் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். பயிற்சி விமானத்துக்கு ஒரு கிலோ எடைக்கு 220 வாட் என்று வைத்துக்கொண்டால் தாராளம். 2.5 கிலோ விமானத்துக்கு 550 வாட். நாலு செல் லிப்போவின் 14.8 வோல்ட்டில் அது ஏறத்தாழ 37 ஆம்பியர். எனவே ஸ்பீடு கன்ட்ரோலர் 60 ஆம்பியர் இருக்கட்டும். மோட்டாரின் கே.வி. என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண். 12 அங்குல விட்டம், 6 அங்குல பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பெல்லருக்கு 700, 800 கே.வி. மோட்டார் பொருந்தும். கட்டி முடித்ததும் வாட் மீட்டரை இடையில் செருகி முழு த்ராட்டிலில், அதாவது முழு வேகத்தில், சில நொடி ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். புரொப்பெல்லர் ஓர் அங்குலம் கூடினால் கரண்ட் எவ்வளவு தாவுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்தான் நம்புவார். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று வயரில் ஏதேனும் இரண்டை மாற்றிச் செருகுங்கள், போதும். பழைய பிரஷ் மோட்டார் காலத்து ஸ்பீடு கன்ட்ரோலரை லிப்போவுடன் சேர்க்காதீர்கள். லிப்போவை எந்த வோல்டேஜில் நிறுத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியாது, வடித்துக் கொன்றுவிடும். காற்று உள்ளே வரும் ஓட்டையைவிட வெளியேறும் ஓட்டை இரு மடங்கு பெரிதாக இருந்தால்தான் உள்ளே குளிரும். ஸ்பீடு கன்ட்ரோலரே ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுக்கும். தனி ரிசீவர் பேட்டரியும் வைப்பதாக இருந்தால் ஸ்பீடு கன்ட்ரோலர் செருகியின் சிவப்பு வயரை உருவிவிடுங்கள்.

முன்பு டேங்க் இருந்த இடத்தில் இப்போது 400 கிராம் பேட்டரி வருகிறது, எனவே எடை மையம் மாறும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் அது விழ வேண்டும். 25 சென்டிமீட்டர் அகல இறக்கைக்கு 6.3 முதல் 7.5 சென்டிமீட்டர். முதல் பறப்புக்கு முன்பக்கக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு சற்றுக் கனத்தால் இறங்கும்போது வேகமாக வரும், சமாளிக்கலாம். வால் கனத்த விமானம் எலிவேட்டரைத் தொட்டதும் துள்ளும், வேகம் குறைந்ததும் இறக்கை சாயும், கையில் நிற்காது. ஈயம் சேர்ப்பதற்கு முன் பேட்டரியை முன்னுக்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள்.

பழையவர்கள் பலரும் அலட்சியப்படுத்தும் ஒன்று புரொப்பெல்லர். கிளோ என்ஜினைக் கையால் சுண்டிக் கிளப்பினால்தான் ஓடும், எதிலாவது மாட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். மின் மோட்டார் அப்படியில்லை. பேட்டரி செருகிய நொடியிலிருந்து அது உயிருள்ளது. விரல் மாட்டினால் நிற்காது, இன்னும் அழுத்தமாகச் சுற்றப்பார்க்கும். மேசையில் செட்டிங் செய்யும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். டிரான்ஸ்மிட்டர் முதலில் ஆன், கடைசியில் ஆஃப். த்ராட்டிலை முழுதாக அடக்கும் சுவிட்ச் ஒன்றை டிரான்ஸ்மிட்டரில் அமைத்துக்கொண்டு, அது போட்டிருந்தால் மட்டும் பேட்டரியைச் செருகுங்கள். புதிய டிரான்ஸ்மிட்டர் பல விமானங்களின் செட்டிங்கை நினைவில் வைத்திருக்கும் என்பதால் திரையில் எந்த விமானத்தின் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். வேறு விமானத்தின் நினைவில் இதைப் பறக்கவிட்டால் கன்ட்ரோல்கள் தலைகீழாக இருக்கக்கூடும்.

கன்ட்ரோல் திசையை விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான், அதாவது இறக்கையின் பின்விளிம்புப் பலகை, மேலே எழ வேண்டும், இடது கீழே போக வேண்டும். இழுத்தால் எலிவேட்டர் மேலே. வாலில் நிமிர்ந்து நிற்கும் பலகையான ரட்டர் வலம் என்றால் வலம். எல்லாம் ஆடுகிறது என்று பார்ப்பது சோதனை ஆகாது. எந்தப் பக்கம் ஆடுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விமானம் சாய்வதை உணர்ந்து தானாகத் திருத்தும் ஜைரோ உள்ள ரிசீவர் என்றால் இன்னொரு சோதனை உண்டு. விமானத்தைக் கையில் பிடித்து வலது இறக்கையைச் சட்டென்று தாழ்த்தினால் வலது எய்லரான் கீழே போக வேண்டும். மூக்கைத் தூக்கினால் எலிவேட்டர் கீழே போக வேண்டும். ஸ்டிக் திசை சரியாக இருந்தும் ஜைரோவின் திசை தவறாக இருக்க முடியும். அப்படிக் கிளம்பிய விமானம் தரையை விட்ட இரண்டு நொடியில் புரண்டுவிடும்.

அடுத்து ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் த்ராட்டில் கொடுத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் தொடர்ந்து சுற்றினால் ரிசீவருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. த்ராட்டில் அடியில் இருக்கும்படி வைத்து மறுபடி பைண்ட் செய்யுங்கள். தூரச் சோதனைக்கு டிரான்ஸ்மிட்டரில் சக்தியைக் குறைக்கும் தேர்வு இருக்கும். அதை அழுத்திக்கொண்டு முப்பது தப்படி நடந்து எல்லாக் கன்ட்ரோலும் தடங்கலின்றி ஆடுகிறதா என்று பாருங்கள்.

டிரான்ஸ்மிட்டரில் எக்ஸ்போ என்ற செட்டிங்கை 25 சதவீதம் வைத்தால் ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாகும். ஆனால் கூட்டல் குறி, கழித்தல் குறி தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். குறி தவறினால் நடுவில்தான் கடுமையாகும். திரையில் வரும் கோடு நடுவில் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

கை பழக சிமுலேட்டர் போதும், தினம் இருபது நிமிடம். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரிவதுதான் எல்லோருக்கும் முதலில் மறக்கிறது. அப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் விமானம் நிமிரும். இது யோசிக்காமல் வரும் வரை சிமுலேட்டரை விட வேண்டாம். முதல் விமானமாகப் பரணிலிருந்து இறங்கியதைப் பறக்கவிடாதீர்கள் என்பதும் எங்கள் உறுதியான கருத்து. இறக்கை மேலே அமைந்த ஃபோம் பயிற்சி விமானம் ஒன்றை வாங்குங்கள். உடைந்தால் பத்து நிமிடத்தில் ஒட்டலாம். பழைய பால்சா விமானத்தை அவசரமில்லாமல் செப்பனிட அது நேரம் வாங்கித் தரும்.

பல நாடுகளில் இப்போது 250 கிராமுக்கு மேற்பட்ட விமானங்களுக்குப் பதிவு, ஏறத்தாழ 120 மீட்டர் உயர வரம்பு போன்ற விதிகள் வந்துள்ளன. விலகியிருந்த காலத்தில் வந்தவை என்பதால், இருக்கும் இடத்தின் விதியைப் படித்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள்.

முதல் பறப்பு காற்று அடங்கிய காலையில் இருக்கட்டும். காற்றை எதிர்த்துக் கிளம்பி, இரண்டு சுற்று உயரம் எடுத்து, ஸ்டிக்கை விட்டாலும் நேராகப் பறக்கும்படி ட்ரிம் சரிசெய்யுங்கள். அந்த உயரத்திலேயே த்ராட்டிலைக் குறைத்து, எலிவேட்டரை மெல்ல இழுத்து, எந்த வேகத்தில் எந்த இறக்கை சாய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அந்த வேகத்துக்கு மேலேயே வர வேண்டும். தாழ்வாக, மெதுவாக, இறுக்கமாக வளைந்தால் உள்பக்க இறக்கை சட்டென்று சாயும். டைமரை 5 நிமிடம் வையுங்கள். வீட்டுக்கு வந்து சார்ஜ் போடும்போது எத்தனை மில்லி ஆம்பியர் மணி திரும்ப ஏறியது என்று சார்ஜர் காட்டும். 2200 பேட்டரியில் 1100 ஏறினால் நிமிடத்துக்கு 220 செலவு. 80 சதவீதம், அதாவது 1760 வரை செலவழிக்கலாம் என்பதால் உச்ச வரம்பு 8 நிமிடம். டைமரை 7-இல் வைத்தால் ஒருமுறை இறங்கத் தவறினாலும் சுற்றி வந்து இறங்கலாம்.

இறங்கியதும் மோட்டாரையும் பேட்டரியையும் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் ஓர் அளவு சிறிய புரொப்பெல்லர் போடுங்கள். ட்ரிம் நிறைய நகர்ந்திருந்தால் அதை நடுவுக்குக் கொண்டுவந்து, கிளெவிஸைத் திருகி அந்த வித்தியாசத்தைக் கம்பியில் சரிசெய்துவிட்டு, பிறகு இரண்டாவது பேட்டரியைச் செருகுங்கள்.

இப்படிக்கு,
மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிடும் வாசகர்கள்